பெயர்த்து வைத்த கிராமம்: பொக்ரைக் அருங்காட்சியகம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1958இல் பிரஸ்ஸல்ஸ் நகரம் உலகக் கண்காட்சி நடத்தியது. ஒன்பது உலோகக் கோளங்களைக் கோத்து 102 மீட்டர் உயரத்துக்கு அட்டோமியத்தை நிறுத்தி, இனி அணுவும் இயந்திரமும்தான் வாழ்க்கை என்று பெல்ஜியம் உலகத்துக்கு அறிவித்த வருடம் அது. அதே வருடம், அங்கிருந்து கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, லிம்பர்க் மாகாணத்தில் கெங்க் ஊரை ஒட்டிய பொக்ரைக் என்ற இடத்தில் இன்னொன்று திறக்கப்பட்டது. மண்சுவர் வீடுகள், வைக்கோல் கூரைகள், ஏற்றக் கிணறு, காற்றாலை, ரொட்டி சுடும் குடில். பார்த்தால் பழைய ஃப்ளெமிஷ் கிராமம், அதாவது பெல்ஜியத்தின் டச்சு மொழி பேசும் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸின் கிராமம். ஆனால் அந்த இடத்தில் அப்படி ஒரு கிராமம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒவ்வொரு கட்டடமும் வேறு வேறு ஊரிலிருந்து பிரித்து எடுத்து வந்து அங்கே மறுபடி எழுப்பப்பட்டது.

இன்று பொக்ரைக் வளாகம் மொத்தம் சுமார் 550 ஹெக்டேர். காடு, குளங்கள், மரத் தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாம் அதில் அடக்கம். அதற்குள் சுமார் 60 ஹெக்டேரில் திறந்தவெளி அருங்காட்சியகம். 140க்கும் மேற்பட்ட கட்டடங்கள். ஃப்ளாண்டர்ஸில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் இடங்களில் இது முக்கியமான ஒன்று.

சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைக் காப்பது என்று கிளம்பிய ஒரு நிறுவனம் எதைக் காத்தது, எதைக் கோட்டைவிட்டது, பிற்பாடு எதைப் புரிந்துகொண்டது என்று பார்க்க பொக்ரைக்கைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடுகளை அது அருமையாகக் காப்பாற்றியது. அந்த வீடுகளுக்குள் நடந்த உழைப்பைக் காப்பதில்தான் நெடுங்காலம் பின்தங்கியது. அந்த உழைப்பைக் கையில் எடுத்த பிறகே அது முழுமையான அருங்காட்சியகமாக ஆகத் தொடங்கியது.

ஏன் அந்த மண்ணில்

பொக்ரைக் என்ற பெயர் 1252ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. லோன் பிரபு அந்த நிலத்தை ஹெர்க்கன்ரோடு மடத்துக்கு விற்ற ஆவணம். அதன்பின் ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக அது மடத்துச் சொத்து. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடத்துச் சொத்துகள் ஏலம் போனபோது தனியார் கைக்கு வந்தது. 1938இல் லிம்பர்க் மாகாணம் அதை விலைக்கு வாங்கியது.

அந்த வட்டாரத்துக்குக் கெம்பன் என்று பெயர். மணல் பூமி. ஹீதர் புதர் மண்டிய பொட்டல்வெளி, ஆங்காங்கே சதுப்பு, ஆட்டு மந்தை, ரை தானியம் விளையும் சிறு சிறு வயல்கள். ஊர்ப் பொது நிலம்தான் ஏழைக் குடியானவனின் உயிர்நாடி. 1847இல் பெல்ஜிய அரசு தரிசு நிலங்களைப் பண்படுத்த ஒரு சட்டம் போட்டது. அதன்படி ஊராட்சிகள் பொது நிலத்தை விற்க வேண்டியதாயிற்று. மேய்ச்சல் வெளி இருந்த இடங்களில் பைன் மரங்கள் வரிசைகட்டின. அந்த மரங்களில் பெரும்பகுதி பெல்ஜியத்தின் தென்பகுதியான வாலோனியாவின் சுரங்கங்களுக்கு, கூரையைத் தாங்கும் முட்டுக்கால்களாகப் போனது.

அப்புறம் 1901இல், கெங்க்குக்குப் பக்கத்து ஊரான ஆஸில், ஆந்த்ரே துய்மோன் என்ற புவியியலாளர் துளையிட்டுப் பார்த்ததில் நிலக்கரி கிடைத்தது. இதற்குப் பிறகு அந்த மண்ணில் எதுவும் பழையபடி இருக்கவில்லை. 1917இல் வின்டர்ஸ்லாக் சுரங்கம் கரி எடுக்கத் தொடங்கியது. பிறகு வாட்டர்ஸ்கெய், ஸ்வார்ட்பெர்க். கெங்க் எல்லைக்குள் மட்டும் மூன்று சுரங்கங்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த அந்த ஊர் இன்று அறுபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் வாழும் நகரம்.

பொக்ரைக்கில் அருங்காட்சியகம் அமைக்க மாகாணம் முடிவெடுத்தது 1953இல். கண்ணெதிரே ஒரு விவசாய உலகம் கரைந்துகொண்டிருந்தது. பழைய வீடுகளை இடித்துவிட்டுச் செங்கல் வீடு கட்டுவதை முன்னேற்றமாக எல்லோரும் நினைத்தார்கள். அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களே அப்படித்தான் நினைத்தார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் குளிர்காலம் கழித்தவனுக்குத்தான் செங்கல் வீட்டின் அருமை தெரியும். அப்போது லிம்பர்க் ஆளுநராக இருந்த லூயி ரொப்பே திட்டத்துக்கு அரசியல் பலமும் பணமும் திரட்டினார். வேலையைச் செய்யப் பொறுப்பேற்றவர் யோசெஃப் வெய்ன்ஸ். ஊர் வரலாற்று ஆர்வலர்களின் இயக்கத்தில் முன்னணியில் நின்றவர், பொக்ரைக்கின் முதல் காப்பாட்சியர்.

வெய்ன்ஸுக்கு முன்மாதிரிகள் இருந்தன. ஆர்தர் ஹாசேலியுஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சன்தான் இந்த வகை அருங்காட்சியகங்களுக்கெல்லாம் தாய். நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு 1912இலேயே அடித்தளம் போட்டார்கள். ஃப்ளாண்டர்ஸ் இந்த வேலைக்குத் தாமதமாகவே வந்தது. தாமதம் என்றால் சாதாரணத் தாமதம் இல்லை, இரண்டு உலகப் போர்கள் அந்த மண்ணை உழுதுவிட்டுப் போன பிறகு.

வீட்டை எப்படிப் பெயர்த்தார்கள்

இதில்தான் பொக்ரைக்கின் பெரிய பாடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கெம்பன் பண்ணைவீடு ஒன்றின் எலும்புக்கூடு ஓக் மரம். இரண்டு தூண்கள், மேலே ஒரு குறுக்கு உத்திரம், மூலைகளில் சாய்வுக் கைகள். இந்த நான்கைந்து மரங்கள் சேர்ந்து ஒரு சட்டம். அப்படிப்பட்ட சட்டங்களை வரிசையாக நிறுத்தி நெடுக மரங்களால் இணைத்தால் வீட்டின் உடல் வந்துவிடும். இணைப்புகளில் இரும்பு ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நாக்கு இன்னொரு மரத்தின் துளைக்குள் போகும், குறுக்கே ஒரு மர ஆணி. தச்சர் முதலில் தரையில் படுக்கவைத்து எல்லாவற்றையும் பொருத்திப் பார்ப்பார். எந்த நாக்கு எந்தத் துளைக்குச் சேரும் என்பதற்கு ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கோடுகள் கீறி அடையாளம் வைப்பார். பிறகு கழற்றி, இடத்துக்குக் கொண்டுபோய், தூக்கி நிறுத்துவார்கள்.

அதாவது அந்த வீடுகளைக் கட்டியவர்களே கழற்றி மாட்டும் விதத்தில்தான் கட்டினார்கள். பொக்ரைக் போன்ற ஒரு திட்டம் சாத்தியமானதற்கு முதல் காரணம் அந்தப் பழைய தச்சர்களின் வேலைமுறை. இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளி மர ஆணியை அடித்து வெளியே தள்ளி, படம் எடுத்து, அளவு குறித்து, எண் போட்டு லாரியில் ஏற்றினால் சட்டம் பத்திரமாக வந்துவிடும்.

ஆனால் சுவர் வராது. தூண்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, அதன்மேல் களிமண்ணோடு நறுக்கிய வைக்கோல் கலந்து அப்பிய சுவர் அது. கழற்றும்போது உதிர்ந்து மண்ணாகிவிடும். கூரையும் வராது, வைக்கோல் கூரையைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எப்படியும் புதிதாக வேய வேண்டும். தரையும் வராது. ஆக, வருகிறவர்கள் பழைய வீடு என்று தொட்டுப் பார்க்கும் சுவரில் பாதி, புதிய இடத்தில் புதிதாகப் பூசியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த வீடுகள் சொந்த ஊரில் இருந்தபோதும் அப்படித்தான் உயிரோடு இருந்தன. மழை கரைத்த சுவரை வீட்டுக்காரர்களே பூசிக்கொண்டார்கள். சட்டம் நூற்றாண்டுகள் நின்றது, தோலை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

இதிலிருந்து ஒரு முடிவு தவிர்க்க முடியாதபடி வருகிறது. களிமண்ணும் வைக்கோலும் எந்த விகிதத்தில் சேர்க்க வேண்டும், எவ்வளவு மிதிக்க வேண்டும், எந்தப் பருவத்தில் பூசினால் வெடிக்காது என்று தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அந்த வீடு சில பத்தாண்டுகளில் போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நாணயம் போல அதைப் பூட்டி வைக்க முடியாது. பொக்ரைக் தன் முதல் ஐம்பது வருடங்களில் இதை வெறும் பராமரிப்பு வேலையாகத்தான் பார்த்தது. காட்சிப் பொருள் வீடு, பூசுகிறவர் ஊழியர். அந்தப் பூச்சு வேலையே காக்கப்பட வேண்டிய மரபு என்ற எண்ணம் வர நாளானது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஒரு வழக்கம் இருந்தது: வீட்டைப் பெயர்க்கும்போது பிற்காலச் சேர்க்கைகளைக் கழித்துவிட்டு ஆதி வடிவத்துக்குக் கொண்டுபோவது. தாத்தா வைத்த பெரிய ஜன்னல், அப்பா கட்டிய செங்கல் சுவர் எல்லாம் கெடுத்தல் என்று கணக்கு. அப்படிச் செய்யும்போது கடைசித் தலைமுறைகள் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்ற சாட்சியம் அழிந்துபோகிறது. மூன்று தலைமுறை மாற்றங்களைச் சுமந்து நின்ற வீடு, யாரும் கண்ணால் பார்த்திராத ஏதோ ஒரு பழைய வருடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

தொழுவமும் ரொட்டி அடுப்பும்

வெய்ன்ஸ் கட்டடங்களை வட்டாரவாரியாக அடுக்கினார். மணல் பூமியான கெம்பன் ஒரு பகுதி. வளமான மண்ணும் பழத்தோட்டங்களும் கொண்ட ஹாஸ்பென்கௌ இன்னொன்று. அங்கே நடுவில் முற்றம் வைத்து நாலாபுறமும் கட்டடம் சூழ்ந்த சதுரப் பண்ணைகள். மேற்கு, கிழக்கு ஃப்ளாண்டர்ஸுக்குத் தனிப்பகுதி. ஆன்ட்வெர்ப் நகரத்தில் இடிபட இருந்த வீடுகளைக் கொண்டுவந்து ஒரு பழைய நகர மூலையும் எழுந்தது. மோல் வட்டாரத்து மில்லெகெமிலிருந்து வந்த காற்றாலை ஒற்றைத் தூணின்மேல் மொத்த உடலோடும் காற்றுக்கு ஏற்றபடி திரும்பக்கூடியது.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கெம்பன் பண்ணைவீட்டின் தொழுவம். வீடும் தொழுவமும் ஒரே நீளக் கூரையின் கீழ். ஒரு பக்கம் அடுப்படி, நடுவில் சுவர், அந்தப் பக்கம் மாடு. தொழுவத்தின் தரை வெளித் தரையைவிடப் பள்ளமாக இருக்கும். பொட்டலில் ஹீதரை வேரோடும் மண்ணோடும் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து வந்து அந்தப் பள்ளத்தில் பரப்புவார்கள். மாடு அதன்மேல் நிற்கும். சாணமும் மூத்திரமும் ஊறும். அதன்மேல் இன்னொரு அடுக்கு. குளிர்காலம் போகப் போகத் தரை உயரும், மாடும் உயரும். வசந்தத்தில் மொத்தத்தையும் தோண்டி வண்டியில் ஏற்றி ரை வயலுக்குக் கொண்டுபோவார்கள். ரசாயன உரம் வருவதற்கு முன்னால் அந்த மணலில் தானியம் விளைந்தது இப்படித்தான். நூற்றாண்டுகளாக இப்படி எரு போட்டதில் சில வயல்கள் சுற்றுப்புறத்தைவிட மேடாகவே ஆகிவிட்டன; இன்றும் மண்ணியல் ஆய்வாளர்கள் அந்தக் கறுத்த மேல்மண்ணைக் கொண்டு பழைய வயல்களை அடையாளம் காண்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் அந்தத் தொழுவம் சுத்தமாக இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் சுத்தமான தொழுவம் பார்வையாளருக்கு எதையும் சொல்வதில்லை. பொட்டல், ஆடு, மாடு, சாணம், வயல், ரொட்டி என்று ஒரு வட்டம் ஓடியது. வீடு அந்த வட்டத்தின் நடுவில் இருந்த ஒரு கண்ணி மட்டும்தான். வட்டத்திலிருந்து வீட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், பள்ளமான தரையை எதற்கு வைத்தார்கள் என்றே பிள்ளைகளுக்குப் புரியாது. இது பொக்ரைக்குக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை, பெயர்த்து வைத்த எல்லா வீட்டுக்கும் உள்ளது. அங்கே பரவாயில்லை என்று சொல்லலாம், ஏனென்றால் கெம்பன் வீடுகளாவது கெம்பன் மண்ணிலேயே நிற்கின்றன. கடலோர மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பண்ணைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ரொட்டி அடுப்பு விஷயம் வேறு. அங்கே வட்டம் இன்னும் ஓடுகிறது. தீப்பிடிக்கும் பயத்தில் ரொட்டி சுடும் குடிலை வீட்டிலிருந்து தள்ளியே கட்டினார்கள். உள்ளே செங்கல் குமிழ் போல ஒரு அறை. சுள்ளிக் கட்டுகளை அந்த அறைக்குள்ளேயே திணித்துக் கொளுத்துவார்கள். முதலில் செங்கல் புகைபடிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரி எரிந்துபோய்க் கல் வெளுக்கும். வெளுத்தால் அடுப்பு தயார். நெருப்பையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளி, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, ஒரு பிடி மாவை வீசிப் பார்ப்பார்கள். உடனே கருகினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மெதுவாகப் பழுப்பேறினால் நீளக் காம்பு வைத்த பலகையில் ரொட்டியை ஏற்றி உள்ளே தள்ளலாம். ரொட்டி வெளியே வந்த பிறகு மிச்சச் சூட்டில் பழம் வைத்த தட்டை அப்பங்கள், லிம்பர்க்காரர்களுக்கு அது இல்லாமல் திருவிழா கிடையாது. அதற்கும் பிறகு சூடு ஆறும்போது ஆப்பிள், பேரிக்காய் வில்லைகளைக் காயவைப்பார்கள். ஒரு கட்டு விறகு, மூன்று வேலை.

இந்த வேலையைச் செய்து காட்டும்போதுதான் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள்: விறகு எங்கிருந்து வந்தது, எத்தனை நாளைக்கு ஒருமுறை சுடுவார்கள், காய்ந்துபோன ரொட்டியை என்ன செய்வார்கள். காலியான குடிலைப் பார்த்து யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

ப்ரூகல் என்ற சாட்சி

வெய்ன்ஸின் இன்னொரு உழைப்பையும் குறிப்பிட வேண்டும். வீட்டுக்குள் என்ன பொருள், எங்கே இருந்தது? ஏழைக் குடியானவர்கள் பட்டியல் எழுதி வைக்கவில்லை. அவர் 16ஆம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகலின் ஓவியங்களை உருப்பெருக்கியின் கீழ் வைப்பதுபோல் படித்தார். பானை, கரண்டி, முக்காலி, விளக்கு, வாளி என்று ஒவ்வொன்றையும். ப்ரூகலின் குடியானவர் திருமணத்தில் உணவுத் தட்டுகளைச் சுமந்து வருவது கீல் கழற்றிய ஒரு கதவின் மேல். விருந்துக்கென்று பெரிய தட்டு வாங்க வழியில்லாத வீட்டில் கதவே தட்டு. 1560இல் வரைந்த சிறுவர் விளையாட்டுகள் ஓவியத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். இதைவிட நல்ல வீட்டுச் சாமான் கணக்கு 16ஆம் நூற்றாண்டில் கிடையாது.

வீட்டுப் பொருள்கள் பற்றி அவர் எழுதிய நான்கு பெரிய தொகுதிகள் 1974இல் வெளிவந்தன. அதே வருடம் அவர் காலமானார். அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மரக்கரண்டிக்குப் பின்னால் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்று சந்தேகப்படுபவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் போதும்.

ஆனால் ப்ரூகலைச் சாட்சியாக வைத்துக்கொண்டதில் ஓர் ஆபத்தும் கூடவே வந்தது. கொழுத்த விருந்து, நடனம், திருவிழா என்ற மஞ்சள் வெளிச்சம் மொத்தக் கிராமத்தின் மேலும் விழுந்துவிட்டது. 1840களின் நடுவில் உருளைக்கிழங்கு நோய் பரவியபோது, அதே காலத்தில் இயந்திர நூற்பாலைகள் வீட்டுக் கைத்தறியை நசுக்கியபோது, ஃப்ளாண்டர்ஸில் பஞ்சமும் காய்ச்சலும் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றன. ஒரு சின்னத் தறி வீட்டில், ஜன்னலோரம் தறி, பின்னால் உருளைக்கிழங்குத் துண்டு நிலம். அதில் வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த வருடங்களில் என்ன ஆனது என்பதையும் அந்த வீட்டுக்குள்ளேயே சொன்னால்தான் அது அன்றாட வாழ்க்கையின் அருங்காட்சியகம். 2019இல் ப்ரூகல் மறைந்து 450 ஆண்டுகள் ஆனதை ஒட்டி பொக்ரைக் அவர் உலகத்தை மையமாக வைத்துப் பெரிய நிகழ்ச்சி நடத்தியது. திருவிழாவுக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் சண்டையை அவர் 1559இல் வரைந்த ஓவியத்தை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. அதில் கொழுப்பும் இருக்கிறது, பட்டினியும் இருக்கிறது, வாசலில் பிச்சை கேட்கும் ஊனமுற்றவர்களும் இருக்கிறார்கள்.

பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள்

பொக்ரைக்கில் தச்சர்கள் பழைய சட்டங்களை நிமிர்த்திக்கொண்டிருந்த அதே வருடங்களில், சில கிலோமீட்டர் தள்ளி வின்டர்ஸ்லாக்கிலும் வாட்டர்ஸ்கெய்யிலும் ஸ்வார்ட்பெர்க்கிலும் ஆயிரக்கணக்கானோர் பூமிக்கடியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1946இல் பெல்ஜியமும் இத்தாலியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டன. ரயில் ரயிலாக இத்தாலியர்கள் வந்தார்கள். 1956 ஆகஸ்டில் வாலோனியாவில் மார்சினெல் சுரங்கத்தில் தீ. 262 பேர் செத்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள். இத்தாலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் ஸ்பெயினுக்கும் கிரேக்கத்துக்கும் போய்க் கேட்டது. 1964இல் துருக்கியோடும் மொராக்கோவோடும் ஒப்பந்தம் போட்டது.

சுரங்கக் கம்பெனிகள் கட்டிய குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். தோட்டம் வைத்த சின்ன வீடுகள், மரம் நட்ட தெருக்கள், பெரிய தேவாலயம், பள்ளி. வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். அந்த அடுக்களையில் என்ன சமைத்தார்கள், நிலக்கரித் தூசி படிந்த உடுப்பை எப்படித் துவைத்தார்கள், எந்த மொழியில் பிள்ளைகளைத் திட்டினார்கள்? லிம்பர்க்கின் அன்றாட வாழ்க்கை என்றால் 1958இல் அதுதான் கண்ணெதிரே இருந்த வாழ்க்கை. பொக்ரைக்கின் மூலத் திட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. கெம்பன், ஹாஸ்பென்கௌ, மேற்கும் கிழக்கும், பழைய நகரம் என்று போட்ட கோட்டில் சுரங்கத் தொழிலாளி எந்தப் பக்கமும் வரவில்லை.

ஆரம்பித்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவர்கள் கண்ணில் அழிந்துகொண்டிருந்தது விவசாயம், சுரங்கம் உச்சத்தில் இருந்தது. எட்டே வருடத்தில் கணக்கு மாறும் என்று யாருக்குத் தெரியும்? 1966 ஜனவரியில் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூடும் அறிவிப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது காவல் படையின் கையால் இரண்டு பேர் இறந்தார்கள். வாட்டர்ஸ்கெய் 1987இல், வின்டர்ஸ்லாக் 1988இல் மூடின. லிம்பர்க்கின் கடைசிச் சுரங்கமான சோல்டர் 1992இல். கரி போன பின் கைகொடுத்த ஃபோர்டு கார் ஆலையும் 2014 கடைசியில் மூடிவிட்டது.

சுரங்க வாழ்க்கை காக்கப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிங்கனில் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. வின்டர்ஸ்லாக் சுரங்கக் கட்டடம் இன்று கலை, கலாச்சார மையம். ஆனால் விளைவு இப்படி ஆகிவிட்டது: குடியானவன் ஒரு இடத்தில், சுரங்கத் தொழிலாளி இன்னொரு இடத்தில். கெங்க் துருக்கியக் குடும்பத்துப் பிள்ளை பள்ளிச் சுற்றுலாவாக பொக்ரைக் வந்தால் அது ஃப்ளெமிஷ் மக்களின் பழங்கதை. அவள் தாத்தாவின் கதையைக் கேட்க வேறு ஊருக்குப் போக வேண்டும். முதலில் சுரங்கத்துக்கு இறங்கியவர்களில் கெம்பன் குடியானவர்களும் உண்டு. பகலில் பூமிக்கடியில், மாலையில் மாட்டுக்குப் புல். இரண்டு கதையும் ஒரே ஆளின் உடம்பில் நடந்தது.

பின்னாளில் பழைய நகரப் பகுதியில் 1960களின் வாழ்க்கைக்கு இடம் கொடுத்தார்கள். கடைத்தெரு, புது மாதிரி வரவேற்பறை, பாட்டு, விளம்பரம். இன்னும் உயிரோடு இருக்கிற ஆட்கள் பார்த்து, எங்க வீட்டிலும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லக்கூடிய காலம் முதன்முறையாக உள்ளே வந்தது. பெரிய திருப்பம்தான் அது.

கென்ட் எடுத்த வேறு வழி

ஒப்பிட்டுப் பார்க்க கென்ட் நகரத்து அலைன் இல்லம் உதவும். கிரான்லெய் என்ற ஆற்றங்கரைத் தெருவில், 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தர்ம விடுதி ஒன்றில் இருக்கிறது. ரைம், அலைன் என்ற இரண்டு குடும்பங்களுக்குள் நடந்த கொலைப் பகையின் பிராயச்சித்தமாக 1363இல் எழுந்தது அந்த விடுதி. வட்டார நாட்டார் வழக்காற்று ஆர்வலர்கள் சேர்த்த பொருள்களின் அருங்காட்சியகம் 1962இல் அங்கே குடியேறியது. நீண்ட காலம் அதுவும் மறைந்த கைவினைகளின் அறைகளாகத்தான் இருந்தது: மருந்துக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தகம்.

2000ஆம் ஆண்டு பெயரை மாற்றிக்கொண்டு, அன்றாட வாழ்க்கையின் அருங்காட்சியகம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. சேகரிப்பும் மாறியது. வீடுகளில் எடுத்த எட்டு மில்லிமீட்டர் படச்சுருள்கள், குடும்ப ஆல்பங்கள், பிறந்தநாள், முதல் நற்கருணை, கடற்கரை விடுமுறை. ஊர் மக்களிடம் கேட்டு வாங்கி, எண்மமாக்கி, அறைகளில் ஓடவிடுகிறார்கள். யாரோ ஒரு அப்பா நடுங்கும் கையோடு எடுத்த படத்தில் ஒரு குழந்தை கேக்கை ஊதுகிறது. வேறு எங்கே வைத்தாலும் குப்பைக்குப் போகும் சுருள் அது.

என் பார்வையில், வாழ்ந்தவர்களிடமே கேட்பது என்ற விஷயத்தில் கென்ட் முந்திக்கொண்டது. பொக்ரைக்கிடம் இருந்தது, கென்ட்டிடம் இல்லாதது: அடுப்பு, பட்டறை, வயல், இடம். அந்தப் பலத்தை அது எப்படிப் பயன்படுத்தியது என்பதுதான் மிச்சக் கதை.

கைக்குத் திரும்பியது

சுமார் 2015லிருந்து பொக்ரைக் தன் கவனத்தைக் கைத்தொழில் பக்கம் வெளிப்படையாகத் திருப்பியது. ரொட்டி சுடுபவர், கொல்லர், குயவர், மரவேலைக்காரர் இவர்கள் வேடம் கட்டிக்கொண்டு நிற்கும் நடிகர்களாக இல்லாமல், தொழில் தெரிந்தவர்களாக, கற்றுக்கொடுப்பவர்களாக வர வேண்டும் என்பது நோக்கம். இன்றைய வடிவமைப்பாளர்களை அழைத்துவந்து பழைய பொருள்களோடு உட்காரவைத்தார்கள். ஒரு பழைய கூடையைப் பின்னிய விதத்தைக் கற்று, இன்றைக்கு ஒருவர் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய பொருளைச் செய்வது என்ற வேலை அது.

இதற்கு வெளியேயும் காற்று சாதகமாக வீசியது. வாழும் மரபுகளைக் காக்கும் யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கையை பெல்ஜியம் 2006இல் ஏற்றுக்கொண்டது. மரபு விளையாட்டுகளைக் காக்க ஃப்ளாண்டர்ஸ் நடத்திய திட்டத்தை 2011இல் யுனெஸ்கோ நல்ல நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. ப்ரூகல் வரைந்த மாதிரி விளையாட்டுகளை இன்றும் பிள்ளைகள் பொக்ரைக்கில் விளையாடுகிறார்கள். 2018இலிருந்து ஃப்ளெமிஷ் அரசு ஒரு கைவினைஞரும் அவரிடம் கற்பவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் உதவித்தொகை கொடுக்கிறது. பொருளுக்குப் பணம் கொடுத்த காலம் போய், கற்றுக்கொள்ளும் மணிநேரங்களுக்குப் பணம் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. இந்தத் துறையில் கடந்த ஐம்பது வருடத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் வரவழைக்க மற்ற வேலைகளும் நடந்தன. 2016இல் வளாகத்துக் குளம் ஒன்றின் நடுவே, தண்ணீர் கண்மட்டத்தில் இருபுறமும் நிற்க, 212 மீட்டர் சைக்கிள் பாதை போட்டார்கள். உலகம் முழுக்கப் படம் பரவியது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பாதைக்கு வருகிற எல்லோரும் டிக்கெட் எடுத்து வீடுகளைப் பார்க்கப் போவதில்லை. வளாகத்தின் வெற்றியையும் அருங்காட்சியகத்தின் வெற்றியையும் ஒன்றாகக் கணக்குப் போடக் கூடாது.

இனி பொக்ரைக் செய்ய வேண்டியவை என்று எனக்கு மூன்று படுகின்றன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதில் எந்த மரம் பழையது, எந்தச் சுவர் எந்த வருடம் யார் பூசியது என்று எழுதி வைக்கலாம், பூசியவர் பெயரோடு. தொழுவம் ஒன்றையாவது ஒரு குளிர்காலம் முழுக்க மாடு கட்டி, அடுக்கு அடுக்காக உயரவிட்டு, வசந்தத்தில் பார்வையாளர்கள் முன்னால் தோண்டி வயலுக்குக் கொண்டுபோகலாம். நாறும், நாறட்டும். மூன்றாவது செலவு பிடிக்கும் காரியம்: கெங்க் சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஒரு வீட்டை, இத்தாலியக் குடும்பமும் பிறகு துருக்கியக் குடும்பமும் வாழ்ந்த வீடாகத் தேடி, அவர்கள் செய்த மாற்றங்கள் ஒன்றையும் கழிக்காமல், தோட்டத்துத் தக்காளிப் பாத்தியோடு, கெம்பன் பண்ணைவீட்டுக்கு அடுத்த மனையில் வைப்பது. அந்த அடுக்களையில் சமைக்கக் கற்றுக்கொடுக்க ஆட்களை வெளியே தேட வேண்டாம், கெங்க்கிலேயே இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதால் சீக்கிரம் கேட்க வேண்டும்.